லாட நண்டின் நீல ரத்தம்

கொல்கத்தா நகரின் தென்பகுதியில் காளிகாட் இருக்கிறது. காளிகாட் என்றதும் காளி கோயில்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இப்போது உள்ள கோயில் 1809-இல் கட்டி முடிக்கப்பட்டது. கோயிலுக்குப் பக்கத்தில் ஆதி கங்கை ஓடுகிறது. ஒரு காலத்தில் கங்கை அந்த வழியாகத்தான் கடலுக்குப் போனது. இன்று அது ஒரு குறுகிய கால்வாய். காளிகாட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் லேக் மார்க்கெட் வரும். அந்தப் பக்கத்தில் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள்.

கோயிலைச் சுற்றிலும் கடைகள். செம்பருத்தி மாலை, பேடா, குங்குமம், சங்கு வளையல் எல்லாம் விற்கிறார்கள். இந்தக் காளிகாட்டில் இன்னொரு பொருளும் மருந்தாகப் புழங்கியது. அது லாட நண்டின் ஓடு. அந்த ஓட்டிலிருந்து எடுத்த சாற்றைச் சாமியார்கள் நோயாளிகளுக்குக் கொடுத்ததை, வங்கக் கடற்கரையை ஆராய்ந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கோயிலுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. கூட்டம் கூடும் இடத்தில் மருந்து கொடுப்பவர்களும் கூடுவார்கள், அவ்வளவுதான்.

ஒடிசா, மேற்கு வங்கக் கரைகளில் வேறு பழக்கங்களும் உண்டு. லாட நண்டின் வால் நுனியை வெட்டித் தாயத்தாக அணிவார்கள். மூட்டு வலி போகும் என்பார்கள். ஓட்டைக் கடுகு எண்ணெயில் காய்ச்சி வலிக்கும் இடத்தில் தேய்ப்பார்கள்.

இதனால் நோய் தீருமா? இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது போதாது. ஏனென்றால் லாட நண்டிடம் உண்மையிலேயே ஒரு பெரிய மருத்துவச் செல்வம் இருக்கிறது. உங்கள் வீட்டுக் குழந்தைக்குப் போடும் தடுப்பூசி வரை அதன் உதவி வந்திருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

நண்டு அல்லாத நண்டு

லாட நண்டு பார்ப்பதற்குக் குதிரை லாடம் போல இருக்கும். அதனால்தான் இந்தப் பெயர். வங்காளத்தில் இதை 'ராஜ் காங்க்ரா' என்கிறார்கள். அரச நண்டு என்று பொருள். கவிழ்த்து வைத்த சட்டி போல முதுகில் ஒரு கெட்டியான ஓடு. பின்னால் கம்பி போல நீண்ட வால். அடியில் கால்கள்.

பெயரில் நண்டு இருந்தாலும் இது நண்டு இனம் இல்லை. தேளும் சிலந்தியும்தான் இதற்கு நெருங்கிய உறவு. வாலைப் பார்த்தால் கொட்டும் என்று தோன்றும். கொட்டாது. அலை புரட்டி மல்லாக்கப் போட்டுவிட்டால், வாலை மண்ணில் ஊன்றி மீண்டும் குப்புறப் புரண்டுகொள்ளும். வாலின் வேலை அதுதான்.

இது மிகப் பழைய உயிரினம். சுமார் 44 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இதன் முன்னோர்கள் கடலில் இருந்ததைப் பாறைப் படிவங்கள் காட்டுகின்றன. பெரிய டைனோசர்கள் அழிந்தது ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். டைனோசர் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே லாட நண்டு இருந்தது. டைனோசர் போன பிறகும் இருக்கிறது.

உலகில் இப்போது நான்கு வகை லாட நண்டுகள் உள்ளன. ஒன்று அமெரிக்கக் கரையில் வாழ்கிறது. மற்ற மூன்றும் ஆசியாவில். நம் நாட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கு வால் முக்கோணமாக இருக்கும். இன்னொன்றுக்கு வால் உருண்டையாக இருக்கும். முக்கோண வால் நண்டு மணல் கரைக்கு வரும். ஒடிசாவின் பாலேஸ்வர் மாவட்டக் கரையிலும், கொல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திகா கரையிலும் இதைக் காணலாம். உருண்டை வால் நண்டு சுந்தரவனத்துச் சேற்றில் வாழ்கிறது. தமிழ்நாட்டுக் கரையில் லாட நண்டைக் காண்பது அரிது.

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் நீர் உயர ஏறும் அல்லவா? அப்போது முக்கோண வால் நண்டுகள் கரைக்கு வரும். பெண் நண்டு பெரியது. ஆண் நண்டு சிறியது. ஆண், பெண்ணின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே வரும். பெண் மணலைத் தோண்டி முட்டை இடும். மறுபடி இரண்டும் சேர்ந்தே கடலுக்குத் திரும்பும்.

உடம்பின் காவல்காரர்கள்

இதன் ரத்தத்தைப் பற்றிப் பேசும் முன்பு, நம் ரத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் உள்ளன. வெள்ளை அணுக்களும் உள்ளன. அணு என்றால் மிகச் சிறிய உயிர்த்துளி. கண்ணுக்குத் தெரியாது. பூதக்கண்ணாடிக் கருவியில்தான் தெரியும். சிவப்பு அணுக்கள் காற்றைச் சுமந்து செல்கின்றன. வெள்ளை அணுக்கள் காவல் காக்கின்றன. கிருமி உள்ளே வந்தால் அதைப் பிடிப்பது, விழுங்குவது, மற்ற அணுக்களுக்குச் செய்தி சொல்வது எல்லாம் இவற்றின் வேலை.

இந்தக் காவலைப் புரியவைத்ததும் ஒரு கடல் பிராணிதான். 1882-இல் மெச்னிகாவ் என்ற ரஷ்ய அறிஞர் இத்தாலி நாட்டின் மெசினா ஊரில் தங்கியிருந்தார. அவர் நட்சத்திர மீனின் குஞ்சுகளை ஆராய்ந்தார். அந்தக் குஞ்சின் உடல் கண்ணாடி போல இருக்கும். உள்ளே நடப்பது வெளியே தெரியும். அவர் ஒரு சிறு முள்ளை எடுத்துக் குஞ்சின் உடலில் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால், முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் கூட்டமாக வந்து மொய்த்திருந்தன. நம் காலில் முள் குத்தினால் அந்த இடம் வீங்கிச் சீழ் கட்டுகிறதே, அதுவும் இதே வேலைதான் என்று அவர் கண்டுகொண்டார். இதற்காக 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

காவல் அணுக்கள் கிருமியை எப்படி அடையாளம் காண்கின்றன? பல வகைக் கிருமிகள் உடம்பின் மேலே ஒரு கொழுப்புச் சட்டை போட்டிருக்கின்றன. டைபாய்டு கிருமிக்கும் காலராக் கிருமிக்கும் அந்தச் சட்டை உண்டு. நம் குடலில் வாழும் கிருமிகள் பலவற்றுக்கும் உண்டு. அந்தச் சட்டையில் உள்ள பொருளுக்கு எண்டோடாக்ஸின் என்று பெயர். இந்தக் கட்டுரையில் அதைச் 'சட்டை நஞ்சு' என்றே சொல்வோம்.

நம் ரத்தத்தில் சட்டை நஞ்சு கலந்துவிட்டால், காவல் அணுக்கள் உடனே தமுக்கு அடிக்கின்றன. அவை சில பொருள்களைச் சுரந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளை உடம்பின் சூட்டை ஏற்றுகிறது. குளிரும். நடுங்கும். காய்ச்சல் வரும். நஞ்சு அதிகமானால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். உயிரே போகலாம். இதில் கொல்வது கிருமி மட்டுமல்ல. காவல்காரர்கள் அளவுக்கு மீறி ஆடும் ஆட்டமும்தான். நம் அணுக்களின் எந்தப் பகுதி சட்டை நஞ்சைக் கண்டுகொள்கிறது என்பதை 1998-இல் ப்ரூஸ் பாய்ட்லர் என்ற அமெரிக்க அறிஞர் கண்டுபிடித்தார். 2011-இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஊசி போட்டால் காய்ச்சல்

முன்பெல்லாம் டாக்டர் வீட்டில் கண்ணாடி ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுப்பார்கள். வயதானவர்களுக்கு நினைவிருக்கும். கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும். உண்மைதான். ஆனால் கிருமி செத்தாலும் அதன் சட்டை சாகாது. சட்டை நஞ்சு கொதிநீருக்கு அசையாது. அதை அழிக்க 250 டிகிரி உலர்ந்த சூட்டில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில்தான்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு டாக்டர்களுக்கு இது தெரியாது. சுத்தமான மருந்தை, காய்ச்சி வடித்த நீரில் கரைத்துத்தான் ஊசி போட்டார்கள். ஆனாலும் சிலருக்கு நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. மருந்தின் கோளாறு என்று நினைத்தார்கள். 1923-இல் ப்ளாரன்ஸ் சீபர்ட் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி உண்மையைக் காட்டினார். இவர் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால் பாதிக்கப்பட்டவர். கோளாறு மருந்தில் இல்லை, தண்ணீரில்தான் என்றார். தண்ணீரைக் காய்ச்சும்போது ஆவியோடு சிறு நீர்த்துளிகளும் தெறித்துப் போகின்றன. அந்தத் துளிகளோடு கிருமிகளின் மிச்சமும் போய்விடுகிறது.

அதனால்தான் இன்றும் பொடியாக வரும் ஊசி மருந்தோடு ஒரு சிறு குப்பியில் தண்ணீரும் தருகிறார்கள். அந்தத் தண்ணீரில்தான் மருந்தைக் கரைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரோ வீட்டில் காய்ச்சிய தண்ணீரோ ஆகாது.

சரி, மருந்தில் சட்டை நஞ்சு இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அது கண்ணுக்குத் தெரியாது. நிறம் இல்லை. முதலில் முயல்களைப் பயன்படுத்தினார்கள். மூன்று முயல்களின் காது நரம்பில் மருந்தை ஏற்றுவார்கள். சில மணி நேரம் காய்ச்சல் பார்ப்பார்கள். முயலுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து ஆகாது. ஒவ்வொரு தடவை மருந்து தயாரிக்கும்போதும் இப்படிச் சோதிக்க வேண்டும். மருந்துக் கம்பெனிகளில் முயல் பண்ணையே இருந்தது. இந்த நிலையை மாற்றியது லாட நண்டு.

ரத்தம் உறைந்த கதை

லாட நண்டின் ரத்தம் நீல நிறம். நம் ரத்தத்தில் காற்றைச் சுமப்பது இரும்புச் சத்து. அதனால் சிவப்பு. லாட நண்டின் ரத்தத்தில் அந்த வேலையைச் செய்வது செம்புச் சத்து. காற்றோடு சேரும்போது அது நீலமாகிறது.

நம் ரத்தம் குழாய்களுக்குள் ஓடுகிறது. லாட நண்டுக்கு அப்படி இல்லை. அதன் ரத்தம் குழாயை விட்டு வெளியே வந்து, உறுப்புகளைக் குளிப்பாட்டிக்கொண்டு ஓடும். கடல் நீரோ கிருமிகள் நிறைந்தது. ஒரு கரண்டிக் கடல் நீரில் பல லட்சம் கிருமிகள் இருக்கும். ஓட்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், கிருமி உள்ளே போய் உடம்பு முழுவதும் பரவிவிடலாம். பிறகு எப்படி இது கோடிக்கணக்கான ஆண்டுகள் பிழைத்தது?

இந்தக் கேள்விக்கு விடை தந்தவர் ப்ரெடரிக் பேங் என்ற அமெரிக்க மருத்துவ அறிஞர். அவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். 1950களில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடற்கரை ஆய்வுக்கூடத்தில் லாட நண்டுகளை ஆராய்ந்தார். கடலில் உள்ள கிருமியை எடுத்து நண்டின் உடலில் ஏற்றினார். நண்டின் ரத்தம் கூழ் போல உறைந்துவிட்டது. கிருமியைச் சூடாக்கிக் கொன்ற பிறகு ஏற்றினாலும் ரத்தம் உறைந்தது. உயிர் இல்லாத கிருமிக்கும் உறைகிறது என்றால், காரணம் கிருமியின் உயிர் இல்லை, அதன் உடம்பில் உள்ள ஏதோ ஒரு பொருள். இதை அவர் 1956-இல் எழுதினார்.

1960களில் ஜாக் லெவின் என்ற ரத்த நோய் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். இருவரும் விஷயத்தை முழுதாகத் துலக்கினார்கள். லாட நண்டின் ரத்தத்தில் பெரும்பாலும் ஒரே வகைக் காவல் அணுதான் உண்டு. அந்த அணுவுக்குள் பொட்டலம் பொட்டலமாக உறைபொருள் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சட்டை நஞ்சு துளி பட்டாலும் அணு தன் பொட்டலங்களை அவிழ்த்துக் கொட்டுகிறது. அந்த இடத்தில் ரத்தம் கூழாகிறது. கிருமி கூழில் சிக்கிக்கொள்கிறது. அதற்கு மேல் நகர முடியாது. வெள்ளம் வரும்போது கரை உடைந்த இடத்தில் மண் மூட்டை அடுக்குகிறோமே, அப்படி.

இதிலிருந்து ஒரு சோதனை பிறந்தது. நண்டின் காவல் அணுக்களைத் தனியே பிரித்து, உடைத்து, உள்ளே உள்ளதை எடுத்துக்கொள்கிறார்கள். சோதிக்க வேண்டிய மருந்தில் கொஞ்சமும் இதில் கொஞ்சமும் ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் சேர்க்கிறார்கள். 37 டிகிரி சூட்டில், அதாவது நம் உடம்புச் சூட்டில், ஒரு மணி நேரம் அசைக்காமல் வைக்கிறார்கள். பிறகு குழாயைத் தலைகீழாகக் கவிழ்க்கிறார்கள். தண்ணீராக ஓடினால் மருந்து நல்லது. உறைந்து, குழாயின் அடியில் ஒட்டிக்கொண்டு நின்றால் மருந்தில் நஞ்சு இருக்கிறது. அந்த மருந்து வெளியே போகாது.

மோர் ஊற்றிப் பால் உறைகிறதா என்று பார்ப்பது போன்ற எளிய வேலை. ஆனால் நுட்பம் அபாரமானது. ஒரு கிராமை ஒரு லட்சம் கோடிப் பங்காக்கினால், அதில் சில பங்கு நஞ்சு இருந்தாலும் இது காட்டிக்கொடுத்துவிடும். 1970களின் கடைசியில் அமெரிக்க அரசு இந்தச் சோதனையை ஏற்றது. பிறகு உலகம் முழுவதும் பரவியது. ஊசி மருந்து, சேலைன் பாட்டில், தடுப்பூசி, உடம்புக்குள் வைக்கும் செயற்கை மூட்டு என்று ரத்தத்தோடு தொடர்புள்ள பொருள்கள் எல்லாம் இப்படிச் சோதிக்கப்பட்டன. 2021-இல் கோடிக்கணக்கானவர்கள் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். அதற்கும் சட்டை நஞ்சுச் சோதனை உண்டு.

பேங் கல்கத்தாவுக்கு வந்தார்

இந்தக் கதைக்கும் கல்கத்தாவுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கல்கத்தாவில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. அதை அமைத்து வழிநடத்தியவர் இதே ப்ரெடரிக் பேங்தான். அப்போது கல்கத்தாவில் காலரா அடிக்கடி வரும். காலராவைப் பற்றி அந்த மையத்தில் ஆராய்ந்தார்கள்.

அங்கே வேலை பார்த்த குழந்தை மருத்துவர் திலீப் மகாலனாபிஸ். 1971-இல் வங்கதேசப் போர் நடந்தது. லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். பன்காவ் முகாமில் காலரா பரவியது. ரத்தத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோனது. மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். உறவினர்களே பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினார்கள். 100 பேரில் 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு 100-க்கு 4 பேருக்கும் குறைவாக இறங்கியது. இன்று நாம் சொல்லும் உப்புச் சர்க்கரைக் கரைசல் உலகெங்கும் பரவ இது பெரிய காரணம். மகாலனாபிஸ் 2022-இல் காலமானார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். ரத்தத்தில் ஏற்றும் சேலைனில் சட்டை நஞ்சு துளியும் இருக்கக் கூடாது. குடிக்கும் கரைசலுக்கு அந்தக் கவலை இல்லை. நம் குடலில் ஏற்கனவே எண்ணற்ற கிருமிகள் வாழ்கின்றன. குடலின் சுவர் அவற்றின் சட்டை நஞ்சை ரத்தத்துக்குள் விடாமல் தடுத்து நிறுத்துகிறது. ஆகவே குடிநீர்க் கரைசலை எந்தத் தாயும் வீட்டிலேயே கலக்கலாம். ஊசியும் சேலைனும் அப்படி இல்லை. 'ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர், தெம்பா இருக்கும்' என்று கேட்பவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். குடிக்க முடிகிறவருக்குக் குடிப்பதே போதும்.

இன்னும் சில கடல் பிராணிகள்

லாட நண்டின் ரத்தம் நஞ்சைக் காட்டிக்கொடுக்கிறது. வேறு சில கடல் பிராணிகளின் பொருள்கள் நம் காவல் அணுக்களையே நேராகத் தட்டி எழுப்புகின்றன.

அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் ஒரு பெரிய நத்தை வகை உண்டு. அதன் ஓட்டின் உச்சியில் சாவித் துளை போல ஓர் ஓட்டை இருக்கும். அதன் ரத்தமும் நீலம்தான். அதில் உள்ள செம்புப் புரதம் மிகப் பெரியது. மனித உடம்புக்கு முற்றிலும் அந்நியமானது. ஆகவே நம் காவல் அணுக்கள் அதை உடனே கவனிக்கின்றன. விஞ்ஞானிகள் இதை ஒரு வண்டி போலப் பயன்படுத்துகிறார்கள். காவல் அணுக்கள் கண்டுகொள்ளாத சிறு பொருளை இந்தப் புரதத்தில் ஏற்றி அனுப்பினால், அதையும் கண்டுகொள்கின்றன.

கெடுதலான பக்கமும் உண்டு. இறால் சாப்பிட்டால் சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு வருகிறது. உதடு வீங்குகிறது. இறாலின் தசையில் உள்ள ஒரு புரதம்தான் பெரும்பாலும் காரணம். சிலருடைய காவல் அணுக்கள் அந்தப் புரதத்தைப் பகைவன் என்று தவறாக நினைத்துக்கொள்கின்றன. நன்றாக வேக வைத்தாலும் அந்தப் புரதம் அழிவதில்லை. மூச்சுத் திணறல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது தாயத்துக் கேள்விக்கு வரலாம். லாட நண்டின் பயன் அதன் ரத்தத்தில் உள்ள உயிருள்ள அணுக்களில் இருக்கிறது. காய்ந்த ஓட்டிலும் வாலிலும் அந்த அணுக்கள் இல்லை. ஓட்டில் கைட்டின் என்ற பொருள் உண்டு. இறால் தோலிலும் அது உண்டு. அதிலிருந்து காயத்துக்குப் போடும் நல்ல கட்டுத் துணிகள் செய்கிறார்கள். ஆனால் கைட்டின் எண்ணெயிலும் கரையாது, தண்ணீரிலும் கரையாது. எண்ணெயில் காய்ச்சினால் எண்ணெய்தான் காயும். தேய்த்தால் இதமாக இருப்பது சூட்டாலும் தேய்ப்பாலும்தான். தாயத்து தோலுக்கு வெளியே தொங்குகிறது. மூட்டுக்குள் அது எதுவும் செய்யாது. மூட்டு வலியில் பல வகை உண்டு. சில வகைகளை முதலிலேயே கவனித்தால் மூட்டு கோணாமல் தடுக்கலாம். தாயத்தை நம்பிக் காத்திருந்தால் அந்தக் காலம் கழிந்துவிடும்.

ரத்தமும் மருந்து இல்லை. அது சோதனைப் பொருள். குடித்தாலும் பூசினாலும் ஒரு பயனும் இல்லை. இதன் முட்டையையும் சாப்பிடக் கூடாது. உருண்டை வால் நண்டின் முட்டையில் சில சமயம் கொடிய நஞ்சு இருக்கும். தாய்லாந்தில் அதைத் தின்று இறந்தவர்கள் உண்டு.

நண்டுக்கு வந்த ஆபத்து

மனிதரைக் காப்பாற்றிய நண்டுக்கு மனிதரால் ஆபத்து வந்தது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் பல லட்சம் நண்டுகளைப் பிடித்து ரத்தம் எடுக்கிறார்கள். ஓடு மடங்கும் இடத்தில் ஊசி குத்தி, உடம்பில் உள்ள ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் கடலில் விடுகிறார்கள். 100 நண்டுகளில் 15 முதல் 30 வரை பிறகு இறந்துவிடுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆசியாவில் நிலைமை இன்னும் மோசம். சீனாவில் ரத்தம் முழுவதையும் எடுத்துவிட்டு, நண்டை உணவுக்கும் பிற பொருளுக்கும் விற்றார்கள். அங்குள்ள வகை 2019-இல் அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் பட்டியலில் சேர்ந்தது. ஒரு லாட நண்டு வளர்ந்து முட்டை இடப் பத்து ஆண்டு அளவில் ஆகும். இன்று கொன்றால் நாளை ஈடு கட்ட முடியாது.

மாற்று வழி சிங்கப்பூரில் பிறந்தது. அங்குள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவர் ஹோ பாவும் வேலை பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது உருண்டை வால் நண்டை. நம் சுந்தரவனத்தில் வாழும் அதே வகைதான். சட்டை நஞ்சை முதலில் தொட்டுக் கண்டுபிடிக்கும் புரதம் எது என்று பார்த்தார்கள். அந்தப் புரதத்தைச் செய்யும் மரபுக் குறிப்பை 1990களில் பிரித்தெடுத்தார்கள். அதை வேறு அணுக்களில் புகுத்தி, ஆய்வுக்கூடத் தொட்டியிலேயே புரதத்தைத் தயாரித்தார்கள். ஒரு சொட்டு நண்டு ரத்தம் வேண்டாம். 2003-இல் இது விற்பனைக்கு வந்தது. ஆனால் மருந்து விதிகள் மெல்லத்தான் மாறும். ஐரோப்பாவின் விதி நூல் 2021-இல் ஏற்றது. அமெரிக்காவின் விதி நூலில் இது நடைமுறைக்கு வர 2025 ஆயிற்று.

நம் நாட்டில் கோவாவில் உள்ள தேசியக் கடலியல் ஆய்வு நிறுவனம் ஒடிசாக் கரையில் இந்த நண்டுகளை ஆராய்ந்தது. அனில் சட்டர்ஜி என்ற விஞ்ஞானி இதில் பல ஆண்டுகள் உழைத்தார். 2009-இல் அரசு லாட நண்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தது. அதைக் கொல்வதும், ஓட்டையோ வாலையோ விற்பதும் சட்டப்படி குற்றம்.

ஆனால் பெரும்பாலான நண்டுகள் வேண்டுமென்று கொல்லப்படுவதில்லை. மீன் வலையில் சிக்குகின்றன. காலும் வாலும் வலை நூலில் மாட்டிக்கொள்ளும். வலையைக் கிழிக்காமல் எடுப்பது கடினம். மீனவருக்கு வலைதான் சோறு. அதனால் நண்டைப் பிய்த்து எறிவதும், மணலில் போட்டுவிட்டுப் போவதும் நடக்கிறது. வெயிலில் செவுள் காய்ந்து அது செத்துவிடும். பொறுமையாக எடுத்தால் வலையும் பிழைக்கும், நண்டும் பிழைக்கும். வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. வால் முறிந்தால் அதனால் புரள முடியாது. முன் ஓட்டின் இரு பக்கத்தையும் இரண்டு கையால் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு காலாக நூலை விலக்க வேண்டும். கொடுக்கு உண்டு என்று பயப்பட வேண்டாம், அது வலுவில்லாதது. நண்டைக் குப்புறத் திருப்பி, அலை வந்து தொடும் ஈர மணலில் வைத்தால் போதும். அது தானே நடந்து தண்ணீருக்குள் போய்விடும்.